பாலர் செங்குத்துப் போக்குவரத்து

எங்கள் துறை இயக்குநரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அலுவலக லிஃப்டுக்குள். தரைத்தளத்தில் ஏறினார். முதல் மாடிக்குப் போக வேண்டும். கதவு மூடியதும் வலது கையை இடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஈ ஓட்டுவதைப் போல விடாமல் ஆட்டினார்.

"கை வலிக்குதா சார்?" என்று கேட்டேன்.

"இல்லப்பா, நடந்துட்டிருக்கேன்," என்றார்.

மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டை. கை ஆடினால் அது ஓர் அடி நடந்ததாக எடுத்துக்கொள்ளும். முதல் மாடி வருவதற்குள் ஒரு தெருவைக் கடந்திருப்பார். இறங்கும்போது எனக்கு நன்றி சொன்னார். எப்போதும் சொல்லுவார், அந்த விஷயத்தில் தங்கமான மனிதர். அன்று மாலை நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். இதயம் என்றார் மருத்துவர். 'குழந்தைகளின் உடல் உழைப்புக்காகத் தம் உடலையே தேய்த்துக்கொண்டவர்' என்றது அலுவலகச் சுற்றறிக்கை. மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்பதுதான் முறை. நிறையப் பேருக்கு முழங்கால் சரியில்லாததால் உட்கார்ந்தபடியே அஞ்சலி செலுத்தினோம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் வேலை நிலைத்ததே அவரால்தான்.

எங்கள் துறையின் கட்டடத்துக்கு மூன்று மாடி. லிஃப்ட் ஓட்டுவது என் வேலை. பொத்தானை யார் அழுத்தினாலும் லிஃப்ட் போகும் என்ற ரகசியம் எப்படியோ மேலிடத்துக்குத் தெரிந்துபோய், இப்படி ஓர் ஆள் தேவையா என்று ஒரு கோப்பு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. கோப்பு லிஃப்டில்தான் போய் வந்தது. நானே அதைப் பலமுறை ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

இரண்டாம் மாடியில், ஊழியர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பாலர் பள்ளி இருந்தது. அதன் டீச்சர் என் மனைவி. அவள் பிள்ளைகளை லிஃப்டில் ஏறவிட்டதே இல்லை. "கால் எதுக்கு இருக்கு, செருப்பு மாட்டறதுக்கா?" என்பாள். காலையில் படியேறி வருவார்கள். முற்பகலில் இறங்கிக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மண் முற்றத்துக்கு ஓடுவார்கள். முற்றம் என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. சுற்றுச்சுவர், ஒரு குழாய், உடைந்த மேசைகள் கொஞ்சம். ஆனாலும் அதற்குள் விட்டால் கயிறு அவிழ்த்த கன்றுகள்தான். களைத்து மேலே வந்து, டப்பாவில் கொண்டுவந்ததை வழித்துத் தின்றுவிட்டுத் தூங்குவார்கள்.

அந்த முற்றத்தை வாகனம் நிறுத்தக் கேட்டார்கள். பழைய அலமாரிகளைப் போட்டுவைக்கக் கேட்டார்கள். என் மனைவி விடவில்லை. "நான் ஓய்வு பெற்றுப் போற அன்னிக்கும் இதுல பிள்ளைங்க ஓடணும். அது போதும் எனக்கு," என்பாள். நகை நட்டு கேட்காதவள். கேட்டது அந்த மண்ணை மட்டும்தான்.

அப்போதுதான் 'பாலர் உடற்பருமன் முன்தடுப்பு மற்றும் உடலியக்க மேம்பாட்டுத் திட்டம்' எங்கள் கட்டடத்திலேயே முன்மாதிரியாகத் தொடங்கப்பட்டது. தூரத்தில் தொடங்கினால் அதைப் பார்க்க நடந்து போகவேண்டியிருக்கும் என்பதும் ஒரு காரணம்.

முதலில் பிள்ளைகளை எடை போட்டார்கள்.

"குண்டுப் பிள்ளை ஒண்ணுகூட இல்லையா டீச்சர்?" இயக்குநரின் குரல் இறங்கிவிட்டது.

"இல்ல சார். ஓடுதுங்க, தின்னுதுங்க, தூங்குதுங்க."

"அதுதான் ஆபத்து. இருந்தா கண்ணுக்குத் தெரியும். இல்லன்னா எங்கேயிருந்து வருதுன்னே தெரியாது."

பக்கத்தில் ஓர் ஆலோசகர் நின்றார். இளம்பெண், இரண்டு கையிலும் பட்டை. "ஓடறாங்கன்னு சொன்னீங்களே, அது என்ன ஓட்டம்?"

"சும்மா ஓட்டம்தாம்மா."

"எந்தத் திசையில?"

"துரத்துறவன் எந்தப் பக்கம் வர்றானோ, அதுக்கு எதிர்ப்பக்கம்."

"யாரு நிறுத்துவாங்க?"

"பசி."

ஆலோசகர் 'நெறிப்படுத்தப்படாத அசைவு' என்று குறித்துக்கொண்டார். நெறிப்படும் வரை முற்றத்து ஓட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

படிக்கட்டையும் ஆராய்ந்தார்கள். அது பெரியவர்களின் காலுக்காகக் கட்டப்பட்டது, பாலர்களுக்கு ஒவ்வாதது என்று அறிக்கை சொன்னது. படியேறுவதைப் போல இதயத்துக்கு நல்லது வேறில்லை என்று அதே அறிக்கையின் அடுத்த பத்தி சொன்னது. இரண்டு பத்திகளையும் மதித்தாக வேண்டும். எனவே படிக்கட்டின் கதவைப் பூட்டினார்கள். மூன்றாம் மாடியில் உடலியக்க அறை ஒன்றைத் திறந்து, அதில் மரத்தால் மூன்று படிகள் செய்து வைத்தார்கள். பிள்ளைகள் லிஃப்டில் அங்கே போவார்கள். வரிசையாக உட்காருவார்கள். முறை வந்ததும் ஒவ்வொருவராக மூன்று படி ஏறி, மூன்று படி இறங்கி, மறுபடி உட்காருவார்கள். பிறகு லிஃப்டில் திரும்புவார்கள்.

என் பதவிக்குப் 'பாலர் செங்குத்துப் போக்குவரத்து உதவியாளர்' என்று பெயர் மாறியது. பழைய கோப்பு மூடப்பட்டது. பிள்ளைகள் மட்டும் என்னை லிஃப்ட் மாமா என்றே கூப்பிட்டார்கள்.

"வேலை நின்னுடுச்சுன்னு சந்தோஷமா?" என்று அன்றிரவு சோறு போடும்போது மனைவி கேட்டாள்.

"நின்னுடுச்சா, நிலைச்சுடுச்சா?"

"உங்களுக்கு நிலைச்சுது. பிள்ளைங்களுக்கு நின்னுது. முற்றத்தை எப்ப திறப்பாங்களாம்?"

"நெறிப்பட்டதும்."

"மண்ணு நெறிப்படணுமா, பிள்ளைங்களா?"

அதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பதில் இல்லை. குழம்பு நன்றாயிருக்கிறது என்றேன்.

அடுத்து ஊட்டச்சத்து. உண்மையான பழங்கள் தொடக்க விழாவன்று மட்டும் வந்தன. படம் எடுத்ததும் விருந்தினர்கள் சாப்பிட்டார்கள். பழம் அழுகும், அழுகிய பொருளுக்கு யாராவது விளக்கம் சொல்ல வேண்டும். ஆகவே நிரந்தரமாக பிளாஸ்டிக் பழங்கள் வந்தன. ஆலோசகர் ஒன்றைத் தூக்கிக் காட்டுவார். சரியாகப் பெயர் சொல்லும் பிள்ளைக்கு ஊக்கப்பரிசாக ஒரு கிரீம் பிஸ்கட். கேரட்டுக்கு ஒன்று, கீரைக்கு இரண்டு, ஏனென்றால் கீரை கடினம். பிள்ளைகளின் ஊட்டச்சத்து அறிவு கிடுகிடுவென்று உயர்ந்தது. வீட்டிலிருந்து வந்த டப்பாக்கள் திறக்கப்படாமலே திரும்பிப் போயின.

பிள்ளைகளுக்கும் பட்டை கட்டினார்கள். நாளுக்கு இத்தனை அடி என்று இலக்கு. முடித்தால் பச்சை விளக்கு எரியும். வண்டு என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சிறுமி இருந்தாள். முற்றத்தில் அவளைத் துரத்திப் பிடித்தவர் கிடையாது. அவள்தான் கண்டுபிடித்தாள்: உட்கார்ந்து கையை ஆட்டினாலே விளக்கு எரிகிறது. மறுநாள் வகுப்பே உட்கார்ந்து கையை ஆட்டியது. பார்த்தால் ஊரே யாருக்கோ விடைகொடுப்பது போல இருந்தது.

என் மனைவி இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். "யாரும் நடக்கல சார். கை மட்டும்தான் ஆடுது."

இயக்குநர் வந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "இடம் தேவையில்ல, வெயில் இல்ல, விழுந்து அடிபடற பயம் இல்ல. இத்தனை நாள் நமக்குத் தோணாமப் போச்சே," என்றார். வண்டுவிடம் குனிந்து எப்படி ஆட்டுவது என்று கேட்டுக் கற்றுக்கொண்டார். குனிந்ததில் மூச்சு வாங்கியது.

இப்படியே மாதங்கள் போயின. ஒரு காலை பிள்ளைகளை ஏற்றிக் கதவை மூடினேன். லிஃப்ட் கிளம்பவில்லை. மணி அடித்தது. பாரம் கூடினால் அடிக்கும் மணி. எப்போதும் வரும் அதே பிள்ளைகள்தான், ஒருவரும் புதிதில்லை. வண்டுவை இறக்கினேன், மணி நின்றது. ஏற்றினேன், அடித்தது. பிள்ளைகள் இதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள்.

என் மனைவி சிரிக்கவில்லை. "சாட்சி சொல்லுது உங்க லிஃப்டு," என்றாள்.

மறுபடி எடை போட்டார்கள். பாதிப் பிள்ளைகள் குண்டு என்று முடிவானது. திட்டம் தொலைந்தது, முற்றம் திறந்துவிடும் என்று மனைவி நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இயக்குநர் பெற்றோர் கூட்டத்தைக் கூட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார்.

"திட்டம் தொடங்கினப்போ ஒரு குண்டுப் பிள்ளைகூட இல்ல. எதுக்கு இந்தத் திட்டம்னு சிலர் கேட்டாங்க. இன்னிக்கு அவங்களுக்குப் பதில் கிடைச்சிருக்கு. பிரச்சினை வர்றதுக்கு முன்னாடியே நாம தயாரா இருந்திருக்கோம்."

கைதட்டினார்கள். தட்டியதில் பலருக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அதற்குள் பெற்றோரும் பட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

என் மனைவி எழுந்தாள். "ஒண்ணும் வேணாம் சார். படிக்கட்டைத் திறங்க. முற்றத்தைத் திறங்க. மீதியைப் பிள்ளைங்க பார்த்துக்குவாங்க."

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க," என்றார் ஒரு தகப்பனார், கணக்குப் பிரிவில் இருப்பவர். "முன்ன தினமும் காரெல்லாம் மண்ணு. இப்ப ஒரு வருஷமா சீட்டு சுத்தமா இருக்கு."

"துணி துவைக்கிற வேலையும் பாதியாச்சு," என்றார் ஒரு தாய்.

"வீட்டுக்கு வந்தா சத்தமே இல்ல. உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்திருக்கு என் பையன். பெரிய மனுஷன் மாதிரி."

"பெரிய மனுஷன் மாதிரிதான் இருக்கான். அதைத்தான் நானும் சொல்றேன்," என்றாள் மனைவி.

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "துறை சார்ந்த கருத்தையும் கேட்போம். ஏம்பா, இந்த லிஃப்ட் இனிமே பிள்ளைகளைத் தாங்குமா?"

"தாங்காது சார்," என்றேன். தாங்காது என்பதுதான் உண்மை.

பெரிய லிஃப்ட் ஒன்று அமைப்பதென்று முடிவானது. கட்டடத்துக்குள் இடமில்லை. வெளியே ஒட்டிக் கட்டலாம், பின்பக்கம் காலி இடம் ஒன்று பயனற்றுக் கிடக்கிறது என்றார் பொறியாளர். எதிர்ப்பு யாருக்காவது உண்டா என்று கேட்டார்கள். என் மனைவியின் கை மட்டும் உயர்ந்தது. பட்டை கட்டாத கை அது ஒன்றுதான்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் ஒரே ஒரு முறை பேசினாள். "படி தாங்கும்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்."

"லிஃப்டைப் பத்தித்தானே கேட்டாங்க."

"ஆமா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லித்தான் இந்தக் கட்டடமே நிக்குது."

தோண்டுவதற்கு முந்தின நாள் அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. என்னிடம் மட்டும், "கீழே இறக்கி விடுங்க," என்றாள். இரண்டு தடவையாக இறக்கினேன். அவள் முற்றத்துக் கதவைத் திறந்து, "ஓடுங்கடா," என்றாள்.

பிள்ளைகள் மண்ணைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள்.

"எந்தப் பக்கம் டீச்சர்?" என்றான் ஒருவன்.

"உன் இஷ்டம்."

அவனுக்கு அது விளங்கவில்லை. வண்டுவை மெல்லத் தள்ளிவிட்டாள். வண்டு ஓடினாள். குழாய் வரைக்கும் போகவில்லை. பாதியில் மூச்சிரைத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மனைவி பக்கத்தில் போய்க் குந்தி, முதுகைத் தடவிக்கொடுத்தாள். வண்டு நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"லிஃப்ட் மாமாவை இங்க வரச் சொல்லுங்க டீச்சர்."

நான் வாசலில்தான் நின்றேன். லிஃப்டை எடுத்துக்கொண்டு போக வழி இல்லை.

தோண்டினார்கள். இரண்டு ஆள் ஆழம் போனதும் இயக்குநர் காலமானார். புதிதாக வந்தவருக்கு உடலில் நம்பிக்கை இல்லை. 'பாலர் மன அமைதித் திட்டம்' கொண்டுவந்தார். பிள்ளைகள் தரைத்தளத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். பெரிய லிஃப்ட் தேவைப்படவில்லை. மரப்படிகளில் தட்டச்சர் பூந்தொட்டிகளை வைத்திருக்கிறார். என் மனைவி அடுத்த வருஷம் ஓய்வு பெற்றாள். அதற்கடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். வண்டுவும் மற்றப் பிள்ளைகளும் பெரிய பள்ளிக்குப் போய்விட்டார்கள். வாசல்வரை காரில் போகிறார்கள் என்று கேள்வி.

குழி அப்படியே இருக்கிறது. மறைந்த இயக்குநரின் பெயரைப் பலகையில் எழுதி வேலிக்கம்பியில் கட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். வேலிக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே, ஒல்லியான பிள்ளை ஒன்று பக்கவாட்டில் நடந்தால் போகிற அளவுக்கு மண் மிச்சம் இருக்கிறது.