எங்கோட்டு சார் வாசித்த முகவரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருடம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், எங்கள் பகவதி அம்மனை நினைப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். இன்று எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எங்கோட்டு சாரைப் போல ஒரு சந்தேகப்பிராணி பிறந்ததும் இல்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை.

பஸ் ஏறுமுன் போர்டை வாசிப்பார். கண்டக்டரிடம் "எங்கோட்டாக்கும்?" என்று, எங்கே போகிறது எனக் கேட்பார்; பட்டப்பெயரும் அதில் வந்ததுதான். அவரை நம்பாமல் டிரைவரிடமும் கேட்பார். உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டிலும் அதே கேள்வி. ஒருநாள் தனுவச்சபுரம் கல்லூரிப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து, "காசிக்கு சாரே!" என்று கத்தினார்கள். மனுஷர் இறங்கிவிட்டார். தன் கல்யாணத்தன்றே மண்டப வாசலில் நின்று, மாப்பிள்ளை பெயரை இரண்டு தடவை வாசித்த பிறகுதான் உள்ளே போனாராம்.

நாங்கள் ஒரு சின்ன சங்கத்தில் வேலை பார்த்தோம். டயாலிசிஸ் செய்துகொள்கிற ஏழைகளை வீட்டில் போய் ஏற்றி, ஆஸ்பத்திரியில் விடும் இலவச வண்டி சங்கத்துக்கு உண்டு. மறுநாள் யார் யாரை ஏற்ற வேண்டும் என்ற பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடிப்பது பத்தாம் வகுப்பு படித்த என் வேலை. மற்ற கம்ப்யூட்டர் காரியமெல்லாம் சாருடையது.

அடித்த பட்டியல் இண்டர்நெட் வழியாக எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு சேமிப்பிடத்துக்குப் போகும். அதை ரிப்போசிட்டரி என்பார்கள். டிரைவரின் போன் அங்கிருந்துதான் பட்டியலை எடுக்கும். அந்த இடத்தின் பெயரும் முகவரியும் என் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருக்கும். நான் சாமி கும்பிட்டு 'புஷ்' அடித்தால் பட்டியல் போய்விடும். ஆனால் சார் லேசில் விடமாட்டார். "ரிமோட் ஹைஃபன் வி அடியுங்க அண்ணாச்சி" என்பார். அடித்தால் பெயரும் முகவரியும் திரையில் வரும். புள்ளி, கோடு ஒன்றும் விடாமல் எழுத்தெழுத்தாக வாசிப்பார். தினமும்!

ஒரு சனிக்கிழமை புது ரிப்போசிட்டரிக்கு மாறினோம். பழையது இனி பழகிப் பார்ப்பதற்கு மட்டும். டிரைவரின் போன் இனி புது இடத்திலிருந்து மட்டும் பட்டியலை எடுக்கும்படி சார் மாற்றிக் கொடுத்தார். என் கம்ப்யூட்டரை நானே மாற்றினேன். புது வீட்டுக்குப் பேர் வைக்கிற பக்தியோடு, திரைக்குச் சந்தனம் தொட்டு, பழைய பெயரை எடுத்துவிட்டு 'பகவதி' என்று அடித்தேன். புஷ் அடித்ததும் எல்லாம் போய்ச் சேர்ந்ததாகத் திரையே சொன்னது.

அன்றைய பட்டியலில் புதுப் பெயர் ஒன்று உண்டு. கள்ளிக்காட்டு அம்மிணி அக்கா. ஒரு முறை டயாலிசிஸ் தவறி, கால் இரண்டும் வீங்கிக் கிடந்தார். நாளைக் காலையும் தவறினால் தாங்காது என்று மகள் போனில் அழுதிருந்தாள்.

நான் பையை எடுத்தேன். "வாறேன் சாரே. தீபாராதனைக்கு நேரமாச்சு."

"நில்லுங்க. லிஸ்ட் எங்கோட்டு போச்சு?"

"பகவதிக்குத்தான். பேரு எழுதியிருக்குல்லா!"

"பேரு கிடக்கட்டும். முகவரிய வாசியுங்க."

"சாமியையே சந்தேகப்படுதியளா சாரே?"

"சாமிய இல்ல. உங்களையாக்கும்."

வாசலை மறித்து நின்றார். பையையும் பிடுங்கிக்கொண்டார். வேறு வழியில்லாமல் அடித்தேன். எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டே வந்தவர் கடைசியில் நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, போர்ட மட்டும் மாத்தியிருக்கிய. பஸ்ஸு பழைய ரூட்டுலயாக்கும் ஓடுது."

பெயர்தான் புதிது. அதற்குள் இருந்த முகவரி பழையது. பட்டியல் பழைய இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. விடிந்தால் கள்ளிக்காட்டுக்கு வண்டி போகாது.

"செட் யூஆர்எல் அடியுங்க" என்று, முகவரியை மாற்றும் கட்டளையை அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். மூன்று தடவை பிழை வந்தது. மூன்று தடவையும் முதலிலிருந்து சொன்னார். பிறகு மறுபடியும் ரிமோட் ஹைஃபன் வி. பட்டியலை எடுக்கும் முகவரி ஒரு வரி, அனுப்பும் முகவரி ஒரு வரி. இரண்டையும் வாசித்த பிறகே புஷ் அடிக்க விட்டார். அத்தோடும் தீரவில்லை, டிரைவரைப் போனில் கூப்பிட்டார்.

"எலே மக்கா, நாளைக்கு முதல்ல எங்கோட்டு?"

"கள்ளிக்காட்டுக்கு சாரே. அம்மிணின்னு ஒரு புது பேரு வந்திருக்கு."

"யாருக்க போன்ல பாத்து சொல்லுதே?"

"எனக்க போன்லதான் சாரே!"

"இன்னொருக்க வாசி."

மறுநாள் அம்மிணி அக்கா நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்.

திங்கட்கிழமை, பட்டியல் ஏன் தாமதம் என்று செயலாளர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார்: "நானாக்கும் காரணம். முகவரி வாசிச்சிட்டே இருந்திட்டேன்."

"இவருக்க சூக்கேடு, இந்த சந்தேக வியாதி, தீராது!" என்று ஆபீஸே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பகவதி என்னை மன்னிக்கட்டும்.

இப்போது விளக்கு ஏற்றும்போது, என் பிள்ளைகளின் பெயரோடு அவர் பெயரையும் சொல்லிக் கும்பிடுகிறேன். இதை நீங்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது அவரை நினைத்துச் சிரிக்கவும் செய்யுங்கள். ஆனால் பிழை என்னுடையது என்பதை மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள்.