பார்த்த இடம் மட்டும் தங்கும்

வெள்ளிமலையைத் தாண்டி மூன்றாவது வளைவில், பிச்சைமுத்துவின் போனில் இருந்த மலை காணாமல் போனது.

அதுவரை பச்சையும் வெள்ளையுமாக ஓடிய வழிப் படம் வெறும் சாம்பல் கட்டங்களாக நின்றது. பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த ராஜாங்கம், ஓட்டிக்கொண்டிருந்த மச்சானின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா, படம் அழிஞ்சு போச்சு?"

"டவர் இல்ல மாமா."

"டவர் இல்லாட்டியும் காட்டும்னியே?"

"காட்டும் மாமா. நேத்து கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல நெட்டு இருக்கசொல்லோ வெரலால தடவித் தடவிப் பாத்தேன். பாத்த எடம்லாம் கட்டம் கட்டமா போன்லயே தங்கிக்கும். பாக்காத எடம் தங்காது."

"அப்ப மிச்ச மலைய ஏன் பாக்கல?"

"பாத்துக்கினே இருந்தேன். சங்கராபுரம் பஸ்ஸு வந்துடுச்சு."

ராஜாங்கத்துக்கு மச்சானை வண்டியோடு பள்ளத்தில் உருட்டிவிடலாம் போல் இருந்தது.

மகள் ரம்யா மூன்று வரனைத் தட்டிக் கழித்துவிட்டாள். இது நான்காவது. பையன் பேர் பிரவீன்குமார், மலையில் மரவள்ளி வியாபாரம். நாளைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள் என்று தரகர் சொல்லிவிட்டார். ராஜாங்கம் தரகரை நம்புகிற ஆள் இல்லை. போட்டோவையும் நம்புகிற ஆள் இல்லை, வாங்கிப் பார்க்கவே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல், மாடு வாங்க வந்தவன் மாதிரி போய் உட்கார்ந்தால்தான் மாப்பிள்ளை வீட்டு அடுப்படியும் மாமியார் வாயும் உள்ளபடி தெரியும் என்பது அவர் கட்சி. அதனால் யாரிடமும் பேர் சொல்லி வழி கேட்க முடியாது. கேட்டால் இவர்கள் போவதற்குள் சேதி போய், வாசலில் கோலமே போட்டு வைத்துவிடுவார்கள். ஓடையைத் தாண்டி, பச்சை ஜன்னல் வைத்த வீடு. தரகர் வாயிலிருந்து பிடுங்க முடிந்தது அவ்வளவுதான்.

எதிரே ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள்.

"எம்மா, ஓடைக்கு எப்டிப் போறது?"

"எந்த ஓடைங்க? இங்க ஏழெட்டு ஓட ஓடுதே."

"பக்கத்துல இருக்கற ஓட."

அவள் கைகாட்டிய பாதையில் போனார்கள். ஓடை பக்கத்தில்தான் இருந்தது. பாலம்தான் இல்லை. நட்டாற்றில் வண்டி சாய்ந்து, பிச்சைமுத்துவின் சட்டைப்பையில் இருந்த போன் தண்ணீருக்குள் குதித்தது.

தேடி எடுத்தார்கள். "சுட வெச்சா காஞ்சிடும்," என்று ராஜாங்கம் அதை வாங்கி சைலன்சர் மேல் வைத்தார். ஈரம் நன்றாகவே காய்ந்தது. போனின் முதுகு அப்பளம் மாதிரி வளைந்துபோனது.

"மாமா, எட்டாயிரம் ரூபா போனு!"

"கத்தாதடா. எங்கிட்ட இன்னொண்ணு இருக்குது."

மடியிலிருந்து எடுத்தார். ரம்யாவின் போன். 'நான் வூட்ல இல்லாத நேரத்துல எவங்கிட்டயும் பேசக் கூடாது' என்று காலையில் பிடுங்கிக்கொண்டு வந்தது. பூட்டையும் எடுக்கச் சொல்லித்தான் வாங்கினார். எங்கே போகிறேன் என்று மகளிடம் மூச்சு விடவில்லை.

பிச்சைமுத்து அதில் படத்தைத் திறந்தான். அதிலும் சாம்பல்தான். சலித்துப்போய் விரலால் தள்ளினான்.

"மாமா! இங்க பாருங்க!"

சாம்பலுக்கு நடுவே ஒரே ஒரு பாதை தெரிந்தது. விளக்குமாற்றால் கூட்டிவிட்ட மாதிரி, அது மட்டும் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு வளைவும் இருந்தது. பாலம் இருந்தது. வழியில் ஒரு குட்டை கூட நீலமாக இருந்தது. பாதையின் ஓரத்தில் ஒரு புள்ளி மினுக்கிக்கொண்டு நின்றது.

"இது இன்னாடா புள்ளி?"

"நாமதான் மாமா."

ராஜாங்கம் நாலடி நடந்து பார்த்தார். சற்றுப் பொறுத்து, புள்ளியும் நகர்ந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. மேலே ஒரு கம்பி கிடையாது, டவர் கிடையாது. காடும் வானமும்தான். அந்தக் காட்டுக்குள் நிற்கிற தன்னை ஒரு கண்ணாடித் துண்டுக்குத் தெரிந்திருக்கிறதே!

போனைக் கற்பூரத் தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். படத்தில் வளைவு வந்தது, மலையிலும் வந்தது. படத்தில் பாலம் வந்தது, ஓடைக்கு மேல் நிஜமாகவே பாலம் வந்தது. குட்டை வந்தபோது வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, குட்டையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தினி பெரிய மலைய இதுக்குள்ள எப்டிடா மடிச்சு வெச்சான்?"

ரேஷன் கடைத் தராசு, டாக்டர் ஊசி, மழைச் செய்தி என்று அறுபது வருஷமாக எதையும் நம்பாத மனிதர். குட்டைக் கரையில் நின்று வாயைப் பிளந்தார்.

"மத்த எடம்லாம் ஏன்டா சாம்பலா இருக்குது?"

"போவக் கூடாத எடம் போல மாமா."

"நாம போவ வேண்டிய எடம் மட்டும் அதுக்குத் தெரியுது பாரேன்!"

பாதை ஒரு வீட்டு வாசலில் முடிந்தது. அதற்கு அப்பால் எல்லாம் சாம்பல். வீட்டின் ஜன்னல் பச்சை.

"மாடு வாங்க வந்தோம்மா," என்றார் ராஜாங்கம்.

வீட்டுக்கார அம்மா இருசம்மாள் அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். "மொதல்ல சாப்புடுங்க. மாடு எங்க போவுது," என்றாள்.

சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தது. கொட்டகையில் சாணி ஒரு பொட்டு இல்லை. பையன் தீவனக் கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, "வாங்கங்க," என்று கும்பிட்டு, கை கழுவத் தண்ணீர் ஊற்றினான். ராஜாங்கம் வேண்டுமென்றே மோரைத் தட்டிவிட்டார். இருசம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் துடைத்துவிட்டு, மறுபடி ஊற்றினாள்.

அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை.

"எம்மா, ஒளிக்காம சொல்றேன். மாடு வாங்க வரல. எம்பொண்ணுக்கு வூடு பாக்க வந்தேன். உம்புள்ளய எனக்குப் புடிச்சிருக்குது. சொன்ன வாக்கு மாற மாட்டேன். சம்மதமா?"

"எங்களுக்குக் கசக்குதா? சந்தோஷு, தட்ட எடுத்தாடா!"

"சந்தோஷா?" ராஜாங்கம் மச்சான் பக்கம் குனிந்தார். "தரகரு பிரவீன்குமாருன்னான்?"

"வூட்ல கூப்புடற பேரா இருக்கும் மாமா."

வெற்றிலை பாக்கு கை மாறியது. ராஜாங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. போனைத் தட்டில் வைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஆள நம்பி வரலம்மா நான். டவரு கூட இல்லாத காட்டுல, இதுவா உங்க வூட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துச்சு!"

இருசம்மாள் போனை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"நிறுத்தாம இன்னா பண்ணும் சம்மந்தி? மொதல்ல வழி தெரியாம ரம்யா இதப் பாத்துப் பாத்துத்தான வந்துச்சு. இப்பல்லாம் பாக்காமயே வந்துடுது."