டெம்பரேச்சர் முள்ளும் கூலன்ட் அண்ணனும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் போலீசுக்குப் பயப்படாத டிரைவர்கள் உண்டு. பேய்க்குப் பயப்படாத டிரைவர்கள் உண்டு. சாவுக்கே பயப்படாமல் வளைவில் முந்துகிறவர்கள் தாராளமாக உண்டு. ஆனால் டாஷ்போர்டில் இஞ்சின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் முள்ளைக் கண்டு நடுங்கிய ஒரே டிரைவர் எங்கள் கூலன்ட் அண்ணன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். பொன்னமராவதி கார் ஸ்டாண்டில் அது யாருக்கும் தெரியாது. "எங்க கூலன்ட்ட இங்கிட்டு பாத்தீங்களா?" என்று அவர் மனைவியே கடைத்தெருவில் விசாரித்ததை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

நல்ல காரியம் எதற்காகவும் எனக்கு அவர் பழக்கமாகவில்லை. அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் புதுக்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வரவேண்டும். தவறினால் உடம்பில் நீர் கோத்து, நுரையீரல் வரை ஏறி மூச்சு முட்டும். குடிக்கிற தண்ணீருக்கும் அளவுதான், நாளொன்றுக்கு ஒரு சொம்பு. நான் பாத்திரக்கடையில் பில் போடுகிறவள். முதலாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அந்த இரண்டு நாளும் லீவு வாங்கினேன். அப்பாவால் பஸ்ஸில் முடியாது என்பதால் கூலன்ட் அண்ணனின் பழைய டீசல் கார். சவுதியில் டேங்கர் லாரி ஓட்டி, அந்த வெயிலில் சிறுநீரகத்தைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவரும் அதே காரில் வருவார். அவரைச் சவுதிக்காரர் என்போம்.

முதல் நாளே எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. அப்பா ஏறி உட்கார்ந்தாயிற்று, வண்டி நகரவில்லை. இவர் பானெட்டைத் திறந்து, பளபளவென்று விடிந்த பிறகும் டார்ச் அடித்து, இஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் திரவம் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னண்ணே, நேரமாகுது."

"இருங்க தங்கச்சி. இஞ்சின் ஆறிக் கெடக்கையில பாத்தாத்தான் சரியா தெரியும். கூலன்ட்டு கீழ்க்கோட்டுக்கும் மேக்கோட்டுக்கும் நடுவுல நிக்கணும்."

"கொறஞ்சா கொஞ்சம் தண்ணி ஊத்திக்க வேண்டியதுதானே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு கொலைகாரி.

"தண்ணியா? இந்த ஊரு போர் தண்ணியா? ஒங்க வீட்டு வெந்நி அண்டாவ கவுத்துப் பாருங்க, அடியில வெள்ளையா கட்டியிருக்கும். ரேடியேட்டர்லயும் அப்புடித்தான் கட்டும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. வேற ஒரு சொட்டு என் வண்டிக்குள்ள போவாது." சொல்லிவிட்டுப் பின்சீட்டுப் பக்கம் குனிந்தார். "அய்யா, ஒங்களுக்கும் இதே கதைதான். உள்ள அடைஞ்சு போச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைத் திறந்து இறங்கியிருப்பேன். ஆனால் அப்பா சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"நான் தபால்காரன்ப்பா. காலம் பூரா சைக்கிளு. எனக்கு வேர்வைதான் கூலன்ட்டு" என்றார்.

அன்றிலிருந்து இருவரும் தோஸ்துகள். எனக்குத்தான் வயிறு எரியும்.

கூலன்ட் விஷயத்தில் அண்ணனை மடக்கக்கூடிய ஒரே ஆள் சவுதிக்காரர். "பச்சைக்குப் பச்ச, ரோஸுக்கு ரோஸு, அம்புட்டுத்தான்" என்பது அந்த நாளில் அண்ணனின் சித்தாந்தம். "கலரு சும்மா சாயம்ணே. வண்டியோட குடுத்த புக்குல என்ன ரகம்னு போட்டிருக்கோ அத ஊத்துங்க" என்பார் சவுதிக்காரர். "நீங்க ஒட்டகத்துக்கு ஊத்துன ஆளு, பேசாம வாங்க" என்று அண்ணன் வாயை அடைப்பார். ஒரு தடவை கடையில் வழக்கமான ரகம் இல்லை. வேறு ஒரு பச்சையை வாங்கிப் பழைய பச்சையின் மேலேயே ஊற்றிவிட்டார். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. கொஞ்ச நாளில் டப்பாவைத் திறந்தால் உள்ளே பச்சை ஜவ்வரிசிக் கஞ்சி! ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியதில் மெக்கானிக்குக்கு ஒரு நாள் பூராவும் போயிற்று. சவுதிக்காரர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "தங்கச்சி, பாயசத்துக்கு ஏலக்கா போட்டாச்சா?" என்று மட்டும் புதுக்கோட்டை வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த நாள் முதல் அண்ணன், "கலர நம்பாதீங்க, புக்க பாருங்க" என்று தானே கண்டுபிடித்த மாதிரி ஸ்டாண்டில் உபதேசம் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

சாலையில் எந்த வண்டி புகைந்துகொண்டு நின்றாலும் இவர் நிறுத்திவிடுவார். உள்ளே இரண்டு நோயாளிகள் இருக்கிறார்களே என்ற எண்ணமே வராது. ஒரு நாள், பூமாலை போட்ட புத்தம் புதுக் கார் ஒன்று ஆவி விட்டுக்கொண்டு நின்றது. சொந்தக்காரர் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். அண்ணன் ஓடிப்போய் அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"சூட்டுல தொறந்தா மூஞ்சி வெந்துரும்யா! அரை மணி நேரம் ஆற விடு. ஆமா, உள்ள என்ன ஊத்துன?"

அந்த ஆள் கூச்சத்தோடு சொன்னார். பூஜை போட்ட நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல், மாமியார் கோயில் தீர்த்தத்தைக் கூலன்ட் டப்பாவில் ஊற்றி வருகிறாராம். எட்டிப் பார்த்தோம். துளசி இலை மிதந்தது.

"டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சியா, நல்லது. சூடம் காட்டுனியா, நல்லது. தீர்த்தத்த நீ குடி. வண்டிக்கு எதுக்குய்யா?"

அன்று ஆஸ்பத்திரிக்கு நாங்கள் தாமதம். நர்ஸ் என்னைத்தான் திட்டினார்.

சவுதிக்காரர் ஐப்பசி மழையில் இறந்துபோனார். நாற்பது வயது தாண்டியிருக்காது. பந்தலில் எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறோம். கூலன்ட் அண்ணன் நேராக இறந்தவரின் தம்பியிடம் போனார். "அண்ணன் வாங்கிப் போட்ட காரு கொட்டாயில சும்மா கெடக்கே, கூலன்ட்டு மாத்துனீங்களா? ஓடாட்டியும் வருசக் கணக்குல அதையே வைக்கக் கூடாது. உள்ள துருப்புடிச்சுரும்."

அடி விழாதது சவுதிக்காரர் செய்த புண்ணியம். நான் அண்ணனை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் மழையில் நனைந்தபடி நின்றார். "வேற என்ன கேக்குறதுன்னு தெரியல தங்கச்சி" என்றார். அதன் பிறகு காரில் சவுதிக்காரரின் சீட்டில் அவர் யாரையும் ஏற்றவில்லை.

சித்திரையில் வந்தது எங்கள் முறை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மெஷின் பழுதாகி அப்பாவுக்கு ஒரு தடவை தவறிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் முகம் ஊதி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். பாதி வழியில் காரில் கூலன்ட் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்தது. கூலன்ட் முக்கால்வாசி ரோட்டில். முள் ஏற ஆரம்பித்தது. அண்ணன் ஜன்னல்களை இறக்கச் சொல்லிவிட்டு ஹீட்டரைப் போட்டார். இஞ்சின் சூடு கொஞ்சமாவது வெளியே வரட்டும் என்றார். சித்திரை வெயிலில், மூச்சு முட்டுகிற மனிதருக்கு ஹீட்டர்! பலனும் இல்லை. முள் சிவப்பைத் தொட்டதும் வண்டியை ஓரம் கட்டினார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். ரோட்டில் வேறு வண்டி இல்லை. அப்பாவின் உதடு நீலமாக மாறியிருந்தது.

"போதும்ப்பா" என்றார் அப்பா, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கி. "வண்டியக் கெடுத்துக்காத. ஆற விடு. நான் போனாப் போறேன்."

"அய்யா, செத்த பேசாம இருங்க."

எதிரே ஒரு வீட்டு வாசலில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் அண்ணன் ஓடினார். "ஆத்தா, போர் தண்ணிதான? இருக்குற கொடத்தையெல்லாம் ரொப்பிக் குடுங்க." ஹோஸைத் துணியால் இறுக்கிக் கட்டினார். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்தார். ஆவி பீய்ச்சியடித்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெந்துபோயிற்று. "யாத்தே!" என்று ஒரே ஒரு சத்தம். பிறகு அந்தக் கையாலேயே குடத்தைத் தூக்கி ஊற்றினார்.

பச்சைத் தண்ணீர் பட்டதும் இஞ்சின் உள்ளே எங்கோ படீரென்று விரிசல் விடும் சத்தம் கேட்டது. அவர் முகம் செத்துவிட்டது. ஆனாலும் ஊற்றினார். நிரம்பிய குடங்களை என் காலடியில் அடுக்கிக்கொண்டு ஓட்டினார், நிறுத்தி ஊற்றினார், மறுபடி ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது இஞ்சின் தானாகவே நின்றது. அது மறுபடி ஸ்டார்ட் ஆகவே இல்லை. பிறகு அதைக் காயலான் கடையில்தான் போட வேண்டியதாயிற்று.

சாயங்காலம் அப்பாவுக்கு மூச்சு சீரானதும் அண்ணன் உள்ளே வந்தார், கையில் பெரிய கட்டோடு.

"வண்டியக் கொன்னுட்டேனேப்பா" என்றார் அப்பா.

"ஆமா, கொன்னுட்டீங்க." அண்ணன் ஒரு ஒப்புக்குக்கூட மறுக்கவில்லை. "வெள்ளிக்கெழம காலையில ரெடியா இருங்க. இனிமே அடுத்தவன் வண்டி. வாசல்ல காக்க வைக்கக் கூடாது."

நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன்.

அடுத்தவரிடம் வாடகைக்கு எடுத்த வண்டியிலேயே மார்கழி வரை அழைத்துப் போனார். வழக்கம்போலக் கிளம்பும்போதெல்லாம் டார்ச் அடித்தார், வழக்கம்போல நானும் அவரைத் திட்டினேன். மார்கழியில் ஒரு வியாழக்கிழமை அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

அண்ணன் இழவுக்கு வந்தார், எதுவும் கேட்கவில்லை. கருமாதி முடிந்து சனங்கள் கிளம்பிய பிறகும் போகாமல் வேப்பமரத்தடியில் நின்றார்.

"என்னண்ணே, சாப்புட்டீங்களா?"

"ம்." துண்டை உதறித் தோளில் போட்டார். "செவ்வாக்கெழமையானா நான் இனிமே எங்கிட்டு போறது தங்கச்சி?"

"இங்க வாங்க" என்றேன்.

வருகிறார். கடையில் செவ்வாய்க்கிழமை லீவை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. வாசலில் நிற்கும் என் ஸ்கூட்டரைக் குனிந்து சுற்றிப் பார்த்து, "ஒழுங்கா பராமரிக்கிறதில்ல" என்று என்னைத் திட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போகிறார். என் ஸ்கூட்டருக்குக் கூலன்ட் கிடையாது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.