கண் பொய் சொல்லும், தகடு சொல்லாது

செல்வராசா ஒரு சபதம் எடுத்தார். அப்பாவின் மொறிஸ் மைனர் கார், பக்டரியை விட்டு வெளியே வந்த அன்று என்ன நிறத்தில் இருந்ததோ, அதே நிறத்தில்தான் திரும்பவும் நிற்க வேண்டும். ஒரு பொட்டு கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அந்தக் காருக்கு எஞ்சின் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சண்டைக் காலத்தில் அது யாருடைய கிணற்றுக்கோ தண்ணீர் இறைக்கப் போய்விட்டது. சில்லுகளும் பின்னாலேயே போய்விட்டன. மீளக் குடியேற மன்னார்த் தாராபுரத்துப் பக்கம் வந்து இறங்கியபோது, வளவு மூலையில் நாலு கல்லின்மேல் கார் குந்திக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கோழி அடை கிடந்தது. செல்வராசாவுக்கு அழுகை வந்துவிட்டது. இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் கண்ணை மூடும்வரை அப்பா கேட்டது ஒன்றுதான்: "கார் நிக்குதோ?"

செல்வராசாவின் மனைவி மாக்கிறட்டுக்கும் அழுகை வந்தது. ஆனால் அவள் பார்த்து அழுதது வீட்டுக் கதவை. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு, பெயின்ற் காணாத வெறும் பலகைக் கதவு. போன மாரியில் அது தண்ணீர் குடித்து உப்பி, நிலைக்குள் போகமாட்டேன் என்று நின்றுவிட்டது. அந்த மாரி முழுவதும் கதவுக்குக் கதிரையை முட்டுக்கொடுத்து, கதிரையில் தானே இருந்து, கைக்குழந்தை ஜெனிஸ்ராவை மடியில் போட்டுக்கொண்டு, வெளியே ஓலை விழுந்தாலும் செபமாலையைத் தேடினாள். செல்வராசாவின் குறட்டை மட்டும் எதற்கும் பயப்படவில்லை.

"இஞ்சருங்கோ, மாரி வரப்போகுது. ஒரு ரின் பெயின்ற் அடிச்சால்தான் இந்த முறை கதவு சாத்தும்."

"முதல் கார். பிறகு கதவு."

"காருக்குள்ள ஆர் படுக்கிறது?"

"கோழி படுக்குதுதானே."

"அப்ப கோழிக்குச் சாத்திற கதவு இருக்கு. எனக்கும் பிள்ளைக்கும் இல்லை."

செல்வராசா காதில் விழாதவர்போல் காரைச் சுரண்டப் போய்விட்டார். சுரண்டச் சுரண்ட மஞ்சள் வந்தது, கறுப்பு வந்தது, செம்மண் நிறம் வந்தது. ஆளாளுக்கு அடித்த நிறங்கள். கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை, பின் சீட்டைத் தூக்கியபோது அடியில் திருகாணி பூட்டிய உள்ளங்கையளவு தகடு ஒன்று அகப்பட்டது. வெயில் படாத தகடு. எவன் பிரஷும் படாத தகடு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்.

"மாக்கிறட்! ஓடி வா! அசல் பக்டரி நிறம்!"

"சாம்பலோ, நீலமோ?"

"அங்கதான் விசயமே கிடக்கு. வெயிலில சாம்பல், நிழலில நீலம், விளக்கில வேறயொண்டு. கண் பொய் சொல்லும், தகடு சொல்லாது. திங்கட்கிழமை மன்னாருக்குக் கொண்டுபோய், தகடு சொல்லுற மாதிரித்தான் கலக்கவேணும்."

"கண்ணுக்கு வேற மாதிரித் தெரிஞ்சால்?"

"கண்ணில பிழை."

"அந்தப் பெயின்ற் மரத்துக்கும் பிடிக்குமோ?"

"இனாமல் எல்லே! இரும்பு, மரம், எல்லாத்துக்கும் பிடிக்கும்." பெருமையாகச் சொன்னார். ஏன் கேட்கிறாள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

தகட்டை வெள்ளைத் துணியில் சுற்றி, அலுமாரியில் அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அலுமாரியைப் பூட்டிய திறப்பு மாக்கிறட்டின் இடுப்பில் தொங்கியது.

திங்கட்கிழமை. மன்னாரில் பெயின்ற் கடை வைத்திருந்த அதே ஊர்க்காரர், சாஹுல் ஹமீட் நானா, துணியை அவிழ்த்தார்.

"தம்பி, இது பச்சையெல்லோ?"

செல்வராசா தகட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். வெள்ளிக்கிழமை இது பச்சையாக இருந்த ஞாபகமில்லை. அண்ணாந்து பார்த்தார். ரியூப் லைற்! சிரிப்பு வந்தது.

"நானா, உங்கட லைற் பொய் சொல்லுது."

வெளியே கொண்டுபோய்ப் பிடித்தார்கள். பச்சை.

"மத்தியான வெயிலையும் நம்பேலாது நானா."

"எங்கட ஊட்டு யன்னலும் இதே நிறந்தான், தம்பி."

"இது இங்கிலாந்துப் பக்டரி நிறம்! உங்கட யன்னலோட சேர்க்காதேங்கோ!"

சாஹுல் ஹமீட் வியாபாரி. வாயை மூடிக்கொண்டு கலக்கினார். ஒரு துளி மஞ்சள், அரைத் துளி கறுப்பு என்று செல்வராசா அவரை வதைத்து எடுத்தார். தகட்டில் வைத்துப் பார்த்த பொட்டு, காய்ந்ததும் இருந்த இடம் தெரியாமல் கலந்துபோனது. செல்வராசாவுக்குக் கண் கலங்கியது. அப்பா இருந்திருக்கவேணும்.

வீட்டுக்கு வந்து, பூசுவதற்கு வசதியாக முன் லைற்றின் வளையத்தைக் கழற்றினார். வளையம் மறைத்திருந்த இடத்தில், மழைக்கு முன் வானம் இருட்டுவதுபோல, ஒரு சாம்பல் நீலம்.

ரின்னைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். ஆணியால் சுரண்டினார். பச்சை உரிந்தது. அடியில் அதே சாம்பல் நீலம்.

"மாக்கிறட்! இந்தத் தகட்டில ஆர் கை வைச்சது?"

அவள் ஒரு இடுப்பில் பிள்ளையும் ஒரு கையில் பிரஷுமாக வாசலில் வந்து நின்றாள்.

"நானாவின்ர மனுசி, உம்மு குல்சூம் அக்கா, யன்னலுக்கு அடிச்ச மிச்சத்தைச் சிரட்டையில தந்தவ. அடிச்சுப் பழகிப் பார்த்தனான்."

"பழக வேற தகடு கிடைக்கேல்லையோ?"

"வெயில் படாத தகடு இது ஒண்டுதானே."

"ஐயோ, என்ர காரின்ர பெயின்ற்!"

"மரத்துக்கும் பிடிக்கும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

கலந்த பெயின்றை நானா திருப்பி எடுக்கமாட்டார். இன்னொரு ரின் என்பது இந்த வருசத்துக் கதையில்லை. அன்று பின்னேரமே செல்வராசா தன் கையால் கதவுக்குப் பெயின்ற் அடித்தார். அவளுக்கு அடிக்கத் தெரியவில்லை, கோடு கோடாக விழுகிறது என்று பிரஷைப் பறித்து, முன்னும் பின்னும் விளிம்பும், காயவிட்டு இரண்டாம் தரமும் அடித்தார்.

மாரி வந்தது. கதவு ஒரு தள்ளுக்குச் சாத்தி, கொளுக்கி டக்கென்று விழுந்தது. கதிரை சாப்பாட்டு மேசைக்குத் திரும்பிப் போனது. மாக்கிறட் பிள்ளைக்கு முன்னமே நித்திரையாகிவிட்டாள். செல்வராசாதான் முழித்துக் கிடந்தார். வெளியே காரின் கூரையில் மழை அடிக்கிற சத்தம், அப்பா கேட்பதுபோலவே இருந்தது. "நிக்குது அப்பா," என்று முணுமுணுத்தார். "நிக்கிறது மட்டுந்தான்."

நித்திரை கலையாமலே மாக்கிறட் புரண்டு படுத்தாள்.

"ரின்னுக்கு அடியில கொஞ்சம் மிச்சம் கிடக்கு. வேணுமெண்டால் காருக்கு அடியுங்கோ."