அறுபது பாயும் என் நூற்றிருபதும்

தாராவியில் ஓடுகிற போன்களில் பாதி, சொந்தக்காரருக்கே தெரியாமல் வேகம் குறைக்கப்பட்டவை. அந்தப் பாவத்தையோ புண்ணியத்தையோ செய்தது ஒரே ஒரு மனுஷன். எங்கள் சந்தில் தோல் பெல்ட் பட்டறை வைத்திருக்கும் அறுபது பாய். அவருடைய நிஜப் பெயர் அவர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

வயசு அறுபது என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பத்தைந்தைத் தாண்டாத ஆள். புதுப் போன்களில் திரை ஒரு செகண்டுக்கு நூற்றிருபது தடவை தன்னைப் புதுசாக வரைந்துகொள்ளும். விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், ஜோராக இருக்கும். ஆனால் பேட்டரியைக் குடித்துவிடும். செட்டிங்ஸில் போய் அதை அறுபதாகக் குறைக்கலாம். அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாமல் நீங்களும் நானும் வாழ்ந்து முடித்துவிடுவோம். பாய் அந்த இடத்தில்தான் குடியிருந்தார்.

"குட்மார்னிங் மெசேஜ்ல வார ரோசாப்பூவைப் பாக்கதுக்கு எதுக்குவே நூத்திருவது? ரோசாப்பூ என்ன ஓடவா செய்யுது?" என்பார்.

போனைக் கொடு என்று கேட்கவும் மாட்டார். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "பிரியாணிக் கையோட போனைத் தொடாதீக, நான் பிடிச்சிக்கிடுதேன்" என்று அன்பாக வாங்கிக்கொள்வார். கை கழுவிவிட்டு வருவதற்குள் அறுபது. ஒரு நிக்காஹ்வில் மாப்பிள்ளையின் போனையே மாற்றிவிட்டார். மாப்பிள்ளை அதைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆயிற்று.

பெல்ட் பார்க்க வந்த ஒரு சேட், போனை மேஜை மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து, திரை தட்டுத்தடுமாறுகிறது என்று கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். கடைக்காரர் போனை மோந்து பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "தோல் வாசனை அடிக்குதே சேட், தாராவிக்குப் போனீங்களா?"

அதே கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பெரிய போன் கடைக்குள் நுழைந்து, பார்வைக்கு வைத்திருந்த அத்தனை போன்களையும் வரிசையாக மாற்றிவிட்டு வந்தார். அன்றைக்கு வந்தவர்கள் எல்லாம், "இது எங்க வீட்டுப் பழைய போன் மாதிரியேல்ல இருக்கு" என்று திரும்பிப் போனார்களாம். இன்றைக்கும் பாய் அந்தப் பக்கம் போனால் வாட்ச்மேன் கதவை உள்பக்கமாகப் பிடித்துக்கொள்கிறார்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஒருமுறை மழையில் ரயில் கல்யாண் ஸ்டேஷனுக்கு முன்னால் நின்றுவிட்டது. பாயின் போன் செத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் அவருக்கு மகள் பிறந்தாள். அவர் வந்து சேர்வதற்குள் சந்தே இனிப்புத் தின்று முடித்திருந்தது. "பால்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு, பெத்தவனுக்குத் தெரியல" என்று இன்னமும் சொல்வார். சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

எனக்கும் அவருக்கும் தீராத சண்டை. என் முதல் போனஸில் ஆசைப்பட்டு வாங்கிய போன் அது. நான் குழாயடியில் குடம் வைக்கும் நேரத்தில் அவர் அறுபதாக்குவார். நான் படியேறுவதற்குள் நூற்றிருபதாக்குவேன்.

"என் போன், என் பேட்டரி. உங்களுக்கு என்ன வந்துச்சு பாய்?"

"எனக்கு என்ன பிள்ள வந்துச்சு? ஒரு நாள் நீயே தேடி வருவே."

"வந்தா பாத்துக்கலாம்!"

வாய்க்கொழுப்பு. வேறென்ன சொல்ல?

அப்புறம் நான் வேலை பார்த்த ஆபீஸ் வேறு ஊருக்குப் போய்விட்டது. அப்பா இல்லை; அம்மாவும் நானும்தான். இரண்டு மாதம் வேலை தேடினேன். அம்மா, "இந்த ஒண்ணும் அமையலன்னா ஊருக்கே போயிருவோம்டி" என்று சொல்லிவிட்டாள். ஊர் அவளுக்கு ஊர். தாராவியில் பிறந்து வளர்ந்த எனக்கு அங்கே பஸ் ஏறக்கூடத் தெரியாது. அந்த 'ஒண்ணு', தானேயில் சரக்கு அனுப்புகிற ஒரு கம்பெனி. காலை பதினோரு மணிக்கு வீடியோ காலில் இன்டர்வியூ.

விடியற்காலை மழை கொட்டி, சந்தில் தண்ணீர் ஏறி, கரெண்டை நிறுத்திவிட்டார்கள். முந்தின நாள் முழுக்க நூற்றிருபதில் ஜாலியாக வழுக்கிக்கொண்டிருந்த என் போனில் பத்தொன்பது பர்சன்ட். சந்தில் யாரிடமும் பவர் பேங்கில் உயிரில்லை. கடவுளே என்று பாய் பட்டறை வாசலில் போய் நின்றேன்.

போனைப் பார்த்தார். நூற்றிருபதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. முதல் தடவையாக அனுமதி கேட்டார்.

"மாத்தட்டுமா பிள்ள?"

தலையாட்டினேன். அறுபதாக்கினார். வெளிச்சத்தைக் குறைத்தார். பின்னால் ஓடிக்கொண்டிருந்த எதை எதையோ அணைத்தார். என் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். "ஒருத்தனும் சுத்தியலைத் தொடக்கூடாது!" என்று பட்டறைக்குள் உத்தரவு போனது. "ரெண்டு நிமிசத்துக்கு ஒரு பர்சன்ட் இறங்கும். நான் எதுக்க நின்னு விரல்ல காட்டுதேன். நீ பதிலைப் பாரு."

இன்டர்வியூ எடுக்கிற மேடம் திரையில் வந்தார். கேள்விகள் நன்றாகத்தான் போயின. போனுக்குப் பின்னால் பாய் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து விரல் காட்டினார். பத்துக்கு மேல் விரல் பற்றாமல் இரண்டு கையையும் விரித்து விரித்து மூடினார். நான் பார்க்காமல் இருப்பேனா?

திடீரென்று மேடத்தின் முகம் மாறியது. "சாம்னே கௌன் ஹை?" எதிரே யாராவது நின்று பதில் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டார்.

முடிந்தது கதை, அம்மா பெட்டி கட்டலாம் என்று நினைத்தேன். என்ன தோன்றியதோ, போனை அப்படியே திருப்பிவிட்டேன். பனியன், தோளில் நாலு பெல்ட், உயர்த்திய ஏழு விரல். பாய் சிலையாக நின்றார்.

"சாத் டக்கா பேட்டரி ஹை, மேடம்ஜி. லைட் நஹி ஹை" என்றார். ஏழு பர்சன்ட்தான் இருக்கிறது, கரெண்ட் இல்லை என்று.

சாதாரண மனுஷனாக இருந்தால் அதோடு விட்டிருப்பார். "மேடம்ஜி, உங்க போன் எத்தனைல ஓடுது? நூத்திருவதா?" என்று இந்தியில் கேட்டாரே பார்க்கலாம்! மேடம் சிரித்துவிட்டார். தன் போனும் மத்தியானத்துக்குள் காலியாகிறது என்று அவர் சொல்ல, செட்டிங்ஸில் எங்கே போய் எதைத் தொட வேண்டும் என்று இவர் பாடம் நடத்த, என் பேட்டரியில் மூன்று பர்சன்ட் போயே போய்விட்டது. அப்போது என் கையில் சுத்தியல் இல்லாதது பாயின் நல்ல நேரம்.

கடைசியாக மேடம் என்னிடம் கேட்டார்: கரெண்ட் இல்லை என்றால் வேறு நாள் கேட்டிருக்கலாமே?

"கேட்டா அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பீங்க, மேடம். எனக்கு இந்த வேலை வேணும்."

சொல்லி முடித்தேன், போன் அணைந்தது. பாயின் கையில் இன்னும் ஒரு விரல் மிச்சம். "கணக்கு ஒண்ணு பிசகிட்டே" என்று அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கரெண்ட் வந்தது. போனுக்கு உயிர் வந்தது. அதில் முதலில் வந்தது வேலை கிடைத்த மெயில். அம்மா அழுதாள், நான் அழுதேன். பாய் மட்டும், "எத்தனை பர்சன்ட்ல மெயில் வந்துச்சு?" என்று கேட்டார்.

வேலைக்குப் பக்கம் என்று டோம்பிவிலிக்குக் குடி மாறினோம். கிளம்புகிற அன்றைக்கு பாய் கையை நீட்டினார். "போனைக் கொடு பிள்ள." கொடுத்தேன். போன் என் கைக்குத் திரும்பி வந்தபோது திரை வழுக்கிக்கொண்டு ஓடியது. நூற்றிருபது.

"என்ன பாய் இது?"

"இனி உனக்கு ஆபீஸ்ல பிளக் இருக்குல்லா. ஆசைப்பட்டு வாங்கின போன். ஜோரா ஓடட்டும்."

சயானில் ரயில் ஏறி, மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, குர்லா வருவதற்குள் நானே அறுபதுக்கு மாற்றிவிட்டேன். பாய் எப்போது கூப்பிட்டாலும் என் போன் உயிரோடு இருக்க வேண்டும் இல்லையா?