சருகுமான் ஊதாத விசில்

ஒரு காட்டில் ஒரு கோப்பை இருந்தது. கோப்பை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எப்போதோ சுற்றுலா வந்த மனிதர்கள் மறந்துவிட்டுப் போன எவர்சில்வர் தூக்குச்சட்டி. மூடி கிடையாது. அதற்கு அகில வனக் கோப்பை என்று பெயர் வைத்து, வருஷா வருஷம் கால்பந்துப் போட்டி நடத்தினார்கள். வருஷா வருஷம் இறுதிப் போட்டிக்கு வருவது அதே இரண்டு கிளப்புகள்தான். மேட்டுக்காட்டுக் கழுதைப்புலிகள், ஓடைக்கரைச் செந்நாய்கள். மற்ற அணிகள் அரையிறுதி வரைக்கும் வரும். அதற்கு மேல் உடம்பு சரியில்லை என்று திரும்பிவிடும். பிழைக்கத் தெரிந்தவை.

ஆட்டத்தில் ஒரு சிக்கலும் இல்லை. நடுவர் கிடைப்பதுதான் சிக்கல்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு புள்ளிமான் நடுவராக இருந்தது. ஒரு தப்பு சொல்ல முடியாது, அப்படி ஒரு நடுவர். ஆட்டம் முடிந்ததும் தோற்ற செந்நாய்கள் அதைத் தின்றுவிட்டன. மறுவருஷம் காட்டாடு. அதுவும் சரியாகத்தான் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தடவை தோற்றவை கழுதைப்புலிகள். அவை தின்றன. போன வருஷம் முயல் வந்தது. கதைகளில் தப்பிப்பது எப்போதும் முயல்தானே, அந்தத் தைரியம். ஆட்டம் சமம், இருவருக்கும் பாதிப் பாதி என்று அறிவித்தது. தூக்குச்சட்டியைப் பாதியாக வெட்ட முடியாது. முயலை முடியும்.

எல்லாம் விதிப்படிதான் நடந்தது. விதிப் புத்தகம், பதினோராம் பக்கம்: முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை, கோட்டுக்குள் இருக்கும் நடுவர்கள் மேல் யாரும் பல் வைக்கக் கூடாது. வைத்தால் அந்தக் கிளப்புக்கு ஏழு வருஷத் தடை. இரக்கப்பட்டு எழுதிய விதி அல்ல. ஒரு தடவை இடைவேளையிலேயே நடுவரைத் தின்றுவிட்டார்கள். மீதி ஆட்டத்துக்கு ஆளில்லை. அதனால் எழுதினார்கள். அடுத்த வரி இது: ஆட்டம் முடிந்தபின் நடுவர் பொதுமக்களில் ஒருவர்.

இந்த வருஷம் நடுவர் வேண்டும் என்று அறிவிப்பு வந்ததுமே, காட்டிலுள்ள அத்தனை மான்களுக்கும் ஒரே நாளில் முழங்கால் வலி. மருத்துவச் சான்றிதழ் மலைபோல் குவிந்தது. சான்றிதழ் கொடுக்காதவர் ஒரே ஒருவர். மாசிலாமணி. சருகுமான். பூனை அளவு மான், கொம்பு கிடையாது. பொய் சொல்லத் தெரியாது.

கால்பந்துச் சம்மேளனத்தின் செயலாளர் ஏகாம்பரம் அவருடைய புதருக்கே வந்தார். ஏகாம்பரம் முள்ளம்பன்றி. முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி அதிலேயே எழுதுவார். அவரைக் கடிக்க முடியாது. அதனால் இருபது வருஷமாக அவர்தான் செயலாளர்.

“மணி, இதுல ஒரு கையெழுத்துப் போடு. மூணு பிரதி.”

“எதுக்குண்ணே?”

“நீதான் ஃபைனல் நடுவர். உனக்குத்தான் வலி ஒண்ணும் இல்லியாமே.”

மாசிலாமணி படிவத்தைப் படித்தார். பெயர், இனம், வாரிசு. அதற்குக் கீழே எடை.

“எடை எதுக்குண்ணே?”

“ரெண்டு கேப்டனும் கேட்டிருக்காங்க.”

“மூணு கிலோ.”

“மூணுதானா?” ஏகாம்பரம் உச்சுக்கொட்டினார். “சரி. இருக்கிறதை வெச்சுத்தானே பாத்துக்கணும்.”

“நான் வரலைன்னா?”

“வராத நடுவர் பொதுமக்களில் ஒருவர்.”

ஏகாம்பரம் போனதும் வடிவு பிடித்துக்கொண்டாள். வடிவு மாசிலாமணியின் பெண்டாட்டி. வயிற்றில் குட்டி.

“ஏங்க, காடே முழங்கால் வலின்னு எழுதிக் குடுத்துச்சு. நீங்களும் எழுதிக் குடுத்தா கை தேஞ்சா போயிரும்?”

“எனக்கு வலிக்கலையே வடிவு.”

“நாளைக்கு வலிக்கும். அப்ப சொல்றதுக்கு வாய் இருக்காது.”

மறுநாள் மைதானம் நிரம்பி வழிந்தது. மான்கள் எல்லாம் வந்திருந்தன. முழங்கால் வலியோடு, மரத்துக்கு மரம் எட்டிப் பார்த்துக்கொண்டு. வடிவு கோட்டை ஒட்டி உட்கார்ந்தாள்.

கழுதைப்புலி கேப்டன் வேம்புலி சிரித்துக்கொண்டே வந்தது. அதற்கு எப்போதும் சிரிப்புத்தான்.

“நடுவரய்யா, சாப்ட்டீங்களா?”

“ஆச்சு.”

“நல்லாச் சாப்பிடுங்கய்யா. எலும்பும் தோலுமா இருக்கீங்க. பாக்கவே சங்கடமா இருக்கு.”

செந்நாய் கேப்டன் செங்கோடன் மரியாதை காட்டியது. “நேர்மையா ஊதுங்க சார். எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம்” என்றது. நாக்கு மட்டும் வெளியே தொங்கியது.

ஏகாம்பரம் விசிலைக் கொடுத்தார். மூங்கில் விசில், நெல்லிக்காய் அளவு, சம்மேளனத்தின் முத்திரை போட்டது. காட்டுக்கே அது ஒன்றுதான். செந்நாய்களுக்குப் பிறவியிலேயே விசிலடிக்க வரும். பந்து கிடைக்காதபோதெல்லாம் விசிலடித்து ஆட்டத்தை நிறுத்திப் பழகிவிட்டன. அதனால் முத்திரை போட்ட விசில் தவிர வேறு எந்தச் சத்தமும் செல்லாது என்று விதி செய்திருந்தார்கள்.

மாசிலாமணி ஊதினார். ஆட்டம் ஆரம்பித்தது. ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடித்தார்கள், உதைத்தார்கள், இடையிடையே பந்தும் உருண்டது. தொண்ணூறாவது நிமிஷத்தில் கழுதைப்புலிகள் இரண்டு, செந்நாய்கள் ஒன்று. ஏகாம்பரம் பலகையைத் தூக்கிக் காட்டினார். நேரம் முடிந்தது.

மாசிலாமணி விசிலை வாயில் வைத்தார். சரியான தீர்ப்பு அதுதான். ஊத வேண்டியது கடமை. மூச்சை உள்ளே இழுத்தார். அந்த நேரம் பார்த்துக் கண் கோட்டுப் பக்கம் போய்விட்டது. மாற்று ஆட்டக்காரச் செந்நாய் ஒன்று பெரிய தேக்கிலையாகப் பார்த்துப் பறித்து, துடைத்து, தரையில் விரித்துக்கொண்டிருந்தது.

மடக்.

விசில் உள்ளே போய்விட்டது.

வேம்புலிதான் முதலில் வாயைத் திறந்தது.

“அதனாலென்ன? நேரம் முடிஞ்சுபோச்சு. நாங்க ஜெயிச்சாச்சு. சட்டியை எடுங்க.”

“விசில் எங்கே?” என்றது செங்கோடன். “விசில் இல்லாம ஆட்டம் எப்படி முடியும்? பதினோராம் பக்கம்!”

“வயித்தைக் கிழிச்சு எடுத்துருவோம்.”

“ஏழு வருஷத் தடை” என்றார் ஏகாம்பரம், தலையைத் தூக்காமல்.

ஆட்டம் தொடர்ந்தது. வேறு வழி? பொழுது சாய்வதற்குள் செந்நாய்கள் இரண்டு கோல் போட்டுவிட்டன. மூன்றுக்கு இரண்டு. உடனே செங்கோடன் ஓடிவந்தது.

“போதும், முடிச்சுக்கலாம். விசில்தானே? நானே அடிக்கிறேன்.”

“விதியை மதிக்கணும் தம்பி” என்றது வேம்புலி. சிரிப்பை அடக்கிக்கொண்டு பதினோராம் பக்கத்தை உரக்கப் படித்தது.

அப்போதுதான் மாசிலாமணிக்கு ஒரு விஷயம் உறைத்தது. தோற்றுக்கொண்டிருப்பவன் விதியை விடமாட்டான். எப்போதும் ஒருவன் தோற்றுக்கொண்டுதான் இருப்பான்.

ஏகாம்பரத்திடம் புது விசில் கேட்டார்கள். அதற்குப் படிவம் எண் அறுபத்திரண்டு. மூன்றாவது கட்டம்: முந்தைய ஆட்டத்தின் முடிவு. முடிவு தெரிந்தால்தான் விசில். விசில் வந்தால்தான் முடிவு.

“கட்டத்தைக் காலியா விட்டுக் குடுத்தா?” என்றது செங்கோடன்.

“காலியா விட்ட படிவத்தை நான் வாங்குறதில்லை” என்றார் ஏகாம்பரம். “ஏன் அவசரம்? மணி அசை போடுற பிராணி. உள்ள போனது ஒருநாள் மேல வரும். காத்திருங்க.”

காத்திருந்தார்கள். பந்தையும் உதைத்தார்கள், நடுவரின் தாடையையும் பார்த்தார்கள். மாசிலாமணி வாயை அசைத்தாலே இரண்டு அணியும் நின்றுவிடும்.

மூன்றாம் நாள் விடியலில் வந்தது. எல்லோரும் அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தொண்டையில் ஏதோ நெருடியது. அடுத்த நொடி விசில் நாக்கின் மேல் இருந்தது. முத்திரை கூட அழியவில்லை. ஒரே ஒரு ஊது. நேர்மையாக இருந்துவிடலாம். நேர்மையாக ஒரு கால் மணி நேரம் இருந்துவிடலாம்.

கோட்டுக்கு அப்பால் வடிவு விழித்துக்கொண்டிருந்தாள். அவர் கன்னம் புடைத்திருந்ததைப் பார்த்துவிட்டாள். எழுந்து வரவில்லை. அழவில்லை. மெதுவாகக் கேட்டாள்:

“ஏங்க, முழங்கால் வலிக்குதா?”

மாசிலாமணி ஆமாம் என்று தலையாட்டினார். பிறந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் பொய். சொன்னதோடு விசிலையும் விழுங்கினார்.

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாகிவிட்டது. முதல் பொய்தான் கஷ்டம். அன்று மதியமே வடிவைத் துணை நடுவராக நியமித்தார். கோட்டுக்குள் வந்துவிட்டாள். மச்சினனை நான்காவது நடுவராகப் போட்டார். குட்டி பிறந்தது நடு வட்டத்தில். அதற்குப் பந்து தேடும் நடுவர் வேலை. செய்தி பரவியதும் காட்டிலிருந்த மான்களின் முழங்கால் வலியெல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. மனுவோடு வரிசையில் நின்றன. மாசிலாமணி யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

இப்போது அந்த மைதானத்தில் ஆட்டக்காரர்கள் இருபத்திரண்டு, நடுவர்கள் நானூறு. வேம்புலிக்குப் பல் விழுந்துவிட்டது. அது போட்டுக்கொண்டிருந்த சட்டையில் இப்போது அதன் மகன் ஆடுகிறான். செங்கோடனுக்கு விசில் வருவதில்லை, காற்றுத்தான் வருகிறது. தூக்குச்சட்டிக்குள் மழைத்தண்ணீர் தேங்கித் தவளை குடியிருக்கிறது. ஏகாம்பரம் அப்படியே இருக்கிறார், செயலாளராக.

போன வாரம் வடிவு பேத்தியை நக்கிக்கொடுத்தபடியே கேட்டாள்.

“ஏங்க, இப்ப யாருதான் ஜெயிக்கிறது?”

“ஆட்டம் முடியட்டும்” என்றார் மாசிலாமணி. “சொல்றேன்.”

ஒரு நெல்லிக்காயை வாயில் போட்டுக்கொண்டார். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு மென்றார்.

நீதி: சரியான தீர்ப்புச் சொன்னவனைத் தோற்றவன் தின்றான். சமமான தீர்ப்புச் சொன்னவனை இருவரும் தின்றார்கள். தீர்ப்பை விழுங்கியவன் பேரன் பேத்தி எடுத்தான்.