மனத்தால் தாண்டிய பத்துத் தடைகள்

தத்துக்கிளி என்றால்தான் அவளைக் கல்லூரியில் தெரியும். மாணவியாக இருந்தபோது நூறு மீட்டர் தடை ஓட்டத்தில் பத்துத் தடைகளையும் பதினான்கே விநாடியில் தாண்டியவள். முழங்கால் ஜவ்வு கிழிந்து ஓட்டம் நின்றபின், அதே கல்லூரியில் தற்காலிக உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்து பதினோரு ஆண்டாகிறது. அவள் சாதனையை அதுவரை எவளும் அசைக்கவில்லை.

அந்த ஆண்டு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: 'மாணாக்கர் மனத்தில் தோல்வி குறித்த அச்சத்தைத் தோற்றுவிக்கும் யாதொரு பொருளும் வளாகத்தில் இருத்தலாகாது.' அதன் பின்னாலேயே ஆய்வு அதிகாரியும் வந்தார். மைதானத்தில் வரிசையாக நின்றவற்றைக் கண்டு திடுக்கிட்டார்.

"என்னம்மா இது?"

"தடை சார். தாண்டி ஓடணும்."

"தாண்ட முடியலன்னா?"

"விழுவாங்க. எழுந்து ஓடுவாங்க."

"விழுவாங்கன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க," என்று குறித்துக்கொண்டார். "போட்டி நடக்கட்டும். தடைய மட்டும் எடுத்துடுங்க."

"அப்புறம் எதைத் தாண்டுவாங்க?"

"மனசால தாண்டட்டுமே!"

மனத்தால் தாண்டியதற்கு அத்தாட்சி வேண்டாமா? ஓடி முடித்தவர்கள், 'பத்துத் தடைகளையும் மனமாரத் தாண்டினேன்' என்று மூன்று நகல்களில் கையெழுத்திட ஏற்பாடாயிற்று. விளையாட்டு விழாவன்று பதினேழு மாணவிகள் தத்துக்கிளியின் சாதனையை முறியடித்தார்கள். அவள் பெயரை அழித்துவிட்டு எழுதியும் சாதனைப் பலகையில் இடம் போதாமல், கடைசி இரண்டு பெயர்கள் சுவரில் ஏறின.

முதலிடம் பெற்றவள் வெளியூர்ப் போட்டிக்குப் போனாள். முதல் தடைவரை அம்பாய்ப் பறந்தவள், சட்டென்று நின்று திரும்பினாள்.

"மிஸ், வழியில யாரோ எதையோ வச்சிருக்காங்க!"

தத்துக்கிளிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மறுநாள் வகுப்பு முடிந்ததும் கிடங்கைத் திறந்து, ஒரே ஒரு தடையைத் தூக்கிவந்து வைத்தாள். பெண் விழுந்தாள். மறுபடி விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்போடு நான்காம் முறை தாண்டிவிட்டு, "மிஸ், நிஜமாவே தாண்டிட்டேன்!" என்று குதித்தாள். தத்துக்கிளிக்குக் கண் நிறைந்துவிட்டது.

சிராய்ப்பு விசாரணைக் குழு வரை போயிற்று. பதினேழு சாம்பியன்களின் பெற்றோரும் திரண்டு வந்திருந்தார்கள்.

"எங்க பொண்ணுதான் ஏற்கனவே சாம்பியனாச்சே! இப்ப எதுக்குக் கத்துக்குடுத்தாங்க?" என்று எகிறினார் அந்தப் பெண்ணின் அப்பா.

"நான் தாண்டிட்டேன்ப்பா!" என்றாள் மகள்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிஜத் தடையையா?"

"ஆமா சார்!"

குழு நீண்ட நேரம் கலந்து பேசித் தீர்ப்பளித்தது. 'மனத்தால் மட்டுமே தாண்டிய ஏனைய பதினாறு சாம்பியன்களுக்கு இது பெரும் அநீதியாகும். ஆகவே மேற்படி மாணவியின் பதக்கம் திரும்பப் பெறப்படுகிறது. ஆசிரியை இம்முறை மட்டும் மன்னிக்கப்படுகிறார்.'

பதினாறு பேரின் பெற்றோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மற்ற ஆசிரியர்களும் தட்டினார்கள். பதக்கத்தைக் கழற்றிய பெண் தத்துக்கிளியையே பார்த்தாள்.

தத்துக்கிளியின் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு அதிகாரியின் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

அவளும் கைதட்டினாள். மற்றவர்களைவிடப் பலமாகவே தட்டினாள்.